சுமிமாசென்

ஜூன் 4
மகன் கட்டிக்கொள்ளப்போகும் ஜப்பான்காரப் பெண்ணின் அப்பா அடுத்த மாதம் வருகிறார். அவருக்கு அவர் மொழி மட்டும்தான் தெரியுமாம். "நீங்க சும்மா சிரிச்சுக்கிட்டே இருங்கம்மா, போதும்" என்கிறான் மகன். கல்யாணப் பேச்சில் நான் பல்லைக் காட்டிக்கொண்டு உட்காரவா? கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறதே. இதுங்க ரெண்டும் குடியிருக்கப்போவது இங்கேயா, அங்கேயா?

ஜூன் 9
மகனிடம் தமிழ் கற்றுக்கொண்ட அந்தப் பெண்ணே எனக்குப் போனில் பாடம் நடத்துகிறாள். அட, நம்ம வரிசையேதான்! 'வதாஷி வா சகானா ஓ தபேமாஸ்' — நான் மீனைச் சாப்பிடுகிறேன். யாரைப் பற்றிய பேச்சோ அவருக்குப் பின்னால் 'வா'. 'ஓ' என்பது நம்ம 'ஐ'. வினை கடைசியில். தையல் கடையில் இதையே முணுமுணுத்துக்கொண்டு ஒரு பேன்ட்டின் இரண்டு காலையும் சேர்த்துத் தைத்துவிட்டேன்.

ஜூன் 15
'வா'வையும் 'ஓ'வையும் மாற்றிப் போட்டேன். மீன் என்னைச் சாப்பிடுகிறதாம். மீனுக்கு அவ்வளவு தைரியம் கிடையாது என்றார் இவர். இவரோடு பேச்சை நிறுத்திவிட்டேன் — எந்த மொழியிலும்.

ஜூன் 22
கேள்வி தயார். 'கொக்கோ நி' என்றால் இங்கே. 'சுமிமாஸ்' என்றால் குடியிருப்பது. கடைசியில் 'கா' போட்டால் கேள்வி. பதில் 'சுமிமாஸ்' என்றால் இருப்பார்கள். 'சுமிமாசென்' என்றால் மாட்டார்கள். யார் என்று சொல்லாமல் விட்டாலும் புரியுமாம், நம்மைப்போலவே.

ஜூலை 6
சம்பந்தி மகளோடு வந்தார். ஒல்லி மனிதர், என்னைவிடக் கூச்சம். தேநீரை நீட்டிக்கொண்டே கேட்டேன், பிசகாமல்: "கொக்கோ நி சுமிமாஸ் கா?"

திடுக்கிட்டார். கோப்பை கவிழ்ந்து என் மடியெல்லாம் தேநீர். "சுமிமாசென்" என்றார்.

மாட்டார்கள். முகத்தில் அடித்த மாதிரி ஒரே வார்த்தை. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அவர் பதறிப்போய் மறுபடி சுமிமாசென், மறுபடி சுமிமாசென். ஒரு தடவை சொன்னா எனக்குப் புரியாதா? எத்தனை தடவை குத்துவாரு மனுஷன்? நான் அழ அழ அவர் சொல்ல, அவர் சொல்லச் சொல்ல நான் அழ...

சமையலறையிலிருந்து ஓடிவந்தவள் விஷயம் புரிந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அத்தை, அப்பா மன்னிச்சுக்குங்கன்னு சொல்றார்." மன்னிப்புக்கும் அதே ஓசையாம். இதை முதல்லயே சொல்லித் தொலைக்கக் கூடாதா? அதோடு, யார் என்று சொல்லாமல் நான் கேட்டதில், அவரையே இங்கே குடியிருக்கக் கூப்பிடுகிறேன் என்று நினைத்துவிட்டாராம்.

சிரித்து ஓய்ந்தபின் அவள் மூலம் மெதுவாகக் கேட்டார், இவர்கள் எங்கே இருப்பார்கள் என்று. அவருக்கும் அதே பயம். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், ஒரே பெண்.

ஜூலை 7
எனக்கு இவர் இருக்கிறார், கேலி பண்ணவாவது. சம்பந்திக்கு யார்?

நவம்பர் 12
சம்பந்தி ஜப்பானிலிருந்து போன் செய்தார். தமிழ் படிக்கிறாராம். தொண்டையைச் செருமிக்கொண்டு, "உங்க மகன் இங்கே நல்லா சாப்பிடுறேன். நல்லா தூங்குறேன்" என்றார். அவர் மொழியில் யார் செய்தாலும் வினைக்கு ஒரே முடிவுதான், பாவம்.

நான் திருத்தவில்லை. "ரொம்ப சந்தோஷம்ணா" என்றேன்.