மூன்றாம் முறை வந்த சிவப்புப் பூ

10.2.1985

எழுத்து கோணல். புகையிலைக் கன்று நடும்போது நூல் பிடிக்காமலே எனக்கு வரிசை நேராய் வரும். இங்கே கொப்பியில் கோடு போட்டிருந்தும் ஆடு புகுந்த தோட்டம்போலக் கிடக்கிறது. வாசிப்பவர் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாசிப்பவர் யார்? நான்தான். பொறுத்துக்கொண்டேன்.

இத்தனை காலமும் என் மனைவி சின்னாச்சிதான் எனக்குப் பேப்பர் வாசித்தாள். அவள் கண்களை வெண்படலம் மூடிய பிறகு வீட்டில் வாசிக்க ஆளில்லை. அதனால்தான் வாசிகசாலையில் அருந்ததி ரீச்சரின் வகுப்பில் போய் இருந்தேன், இந்த வயதில்! இன்று சொந்தமாக ஒரு வசனம்: சின்னாச்சியின் அண்ணை தியாகலிங்கம் ஒரு மூடன்.

ஆகா. எழுதிப் பார்க்க எவ்வளவு சந்தோசம்.

13.2.1985

பஸ் வருமோ வராதோ என்று நின்றோம். வந்தது. கண் டொக்டர் சொன்னார்: "படலத்தை வெட்டி எடுத்தால் பத்துப் பேரிலை எட்டுப் பேருக்கு நல்லாத் தெரியும், அம்மா."

"மற்ற ரண்டு பேர்?"

"அவைக்குத் தெரியாமலும் போகலாம். நீங்கள் எந்தப் பக்கம் எண்டு என்னாலை சொல்லேலாது."

எனக்கு அந்த மனுசனைப் பிடித்துவிட்டது. கூட வந்த தியாகலிங்கத்துக்குப் பிடிக்கவில்லை. "உவருக்கே நிச்சயமில்லை, பிறகென்ன டொக்டர்? பிள்ளையாரிட்டைப் பூக்கட்டிப் பாப்பம்."

14.2.1985

கோயில். வாழையிலைத் துண்டுகளில் மடித்த இரண்டு பொட்டலம். வெள்ளைப் பூ வந்தால் கண்ணை வெட்டலாம், சிவப்பு வந்தால் கூடாது. ஐயர் ஒன்றை எடுத்தார். வெள்ளை.

"மடிச்சது சரியில்லை, மச்சான்" என்றான் தியாகலிங்கம். திரும்ப மடித்தான். திரும்பவும் வெள்ளை. "ஐயர் கிழக்குப் பாத்து நிக்கேல்லை." மூன்றாம் முறை சிவப்பு. "பாத்தியோ! சாமி சொல்லிப்போட்டார்!"

எனக்குக் கோபத்தில் விசர் வந்தது. "நாலாம் தரமும் எடுக்கச் சொல்லடா" என்றேன்.

"சாமியைச் சோதிக்கப்படாது."

"அப்ப இவ்வளவு நேரமும் என்ன செய்தனீ? நீ நினைச்சது வருமட்டும் எடுக்கிறதெண்டால் பிள்ளையார் எதுக்கு?" என்றேன். ஐயர் சிரிப்பை மறைக்க மணியை அடித்தார்.

ஆனால் சின்னாச்சி பயந்துவிட்டாள்.

17.2.1985

சின்னாச்சி சட்டியைத் தடவப்போய்க் கையைச் சுட்டுக்கொண்டாள். "சிவப்பு வந்திட்டுதே" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. தியாகலிங்கம், நீ நாசமாய்ப் போ.

18.2.1985

"வெள்ளை ரண்டுதரம் வந்தது, சிவப்பு ஒருதரம். சாமி எப்ப முழிச்சிருந்தவர்?" என்று கேட்டேன். சின்னாச்சி விரல் விட்டு எண்ணினாள். பிறகு: "எட்டுக்குள்ளை விழுந்தால் உங்கடை முகத்தைப் பாக்கலாம். ரண்டுக்குள்ளை விழுந்தால் பாக்கத் தேவையில்லை. எப்பிடியும் லாபந்தான். போவம்."

5.3.1985

ஆசுபத்திரியில், வெட்டிய ஒரு கண்ணின் கட்டை அவிழ்த்தார்கள். டொக்டர் காட்டிய விரல்களைச் சரியாகச் சொன்னாள்!

பக்கத்துக் கட்டிலில் குருநகர் ஸ்ரெல்லா. அதே டொக்டர், அதே நாள். அவளுக்கு வெளிச்சம் மட்டும் தெரிகிறது. புருசன் கிறகோரி கோயிலுக்கு மெழுகுதிரி நேர்ந்திருந்தானாம். எங்களைவிட அவர்கள் என்ன பிழை விட்டார்கள்? ஒன்றுமில்லை. கிறகோரி எனக்குத் தேத்தண்ணி வாங்கித் தந்தான். அவன் முகத்தைப் பாராமல் குடித்தேன்.

வாசலில் தியாகலிங்கம்: "முதல் தரம் வெள்ளையல்லோ வந்தது! நான் அப்பவே சொன்னனான்."

இவனை ஸ்ரெல்லாவின் கட்டிலடியில் நிறுத்தி, அங்கே இதைச் சொல்லுவியோடா என்று கேட்கவேண்டும்.

21.4.1985

தடித்த கண்ணாடி வந்தது. சின்னாச்சி முதலில் என் முகத்தைப் பார்த்தாள். "நட்டம்" என்றாள். பிறகு இந்தக் கொப்பியை எடுத்து, அண்ணையைத் திட்டிய இடங்களில் நின்று நின்று, கடைசிவரை வாசித்தாள். எனக்கு வேர்த்துக் கொட்டியது.

"எழுத்துத்தான் கோணல்" என்றாள்.

பின்னேரம் தியாகலிங்கம் பூவோடு வந்தான். "ஒரு கண் நல்லா வந்திட்டுது. ரண்டுதரம் அதிட்டம் வராது. மற்றக் கண்ணுக்குப் பூக்கட்டுவம்."

"பூவைச் சாமிக்கு வையுங்கோ, அண்ணை. கண்ணை டொக்டரிட்டைக் காட்டுவம்."

அடுத்த கிழமை போகிறோம். மற்றக் கண்ணுக்கும் பத்தில் எட்டுத்தானாம். போனமுறை நன்றாக வந்ததற்காக அது கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பஸ் வருவதற்கோ அந்த எட்டும் இல்லை. எது நடந்தாலும் திரும்பி வந்து எழுதுவேன், வரிசை நேராக. இப்போது வாசிக்க ஆள் இருக்கிறது.