நான் போடாத வட்டம்

அப்பா,

விடுதிக் குளியலறை விளக்கில் எழுதுகிறேன். விடிந்ததும் பால்காரர் இதைக் கொண்டுவந்து தருவார். படித்ததும் கிழித்துவிடு.

போன வாரம் டீச்சர் சொந்த ஊரை வரையச் சொன்னார். நான் நம் மலையை வரைந்து, நம்மவர்களைப் புதைத்த இடங்களில் சின்னச் சின்ன வட்டம் போட்டேன். நாம்தான் கல்கூட வைக்காமல், பிள்ளைகளுக்கு நடந்து காட்டியே சொல்லிவைப்போமே. முதல் பரிசு கொடுத்தார்கள். பரிசு கொடுக்க வந்த சுரங்கக் கம்பெனிக்காரர், "இந்த வட்டமெல்லாம் என்ன பாப்பா?" என்றார்.

"அங்க எங்க ஆளுங்க தூங்குறாங்க சார்."

சிரித்துக்கொண்டே படத்தை வாங்கிப் போனார்.

கம்பெனிக்கு எதிரான மலை வழக்கில் நீ நீதிபதிக்கு மட்டும் காட்ட வைத்திருந்த இடங்கள் அவை என்று இன்றுதான் புரிந்தது. அங்கே யாரையும் புதைக்கவில்லை என்று சாதிக்க, விசாரணைக்கு முன்பே தோண்டி அள்ளப்போகிறார்கள். நாளை இரவு இயந்திரம் போகிறதாம். வார்டன் கம்பெனிக்காரரிடம் போனில் பேசியதைக் கேட்டேன். எல்லோரையும் கூட்டிக்கொண்டு மலைக்குப் போய்விடு.

கண்ணை மூடினால் வட்டங்களுக்குள் ஒவ்வொருவராக எழுந்து உட்கார்கிறார்கள்.

அம்மாவுக்கு மட்டும் நான் வட்டம் போடவில்லை அப்பா. போட்டால் அவள் செத்தது நிஜமாகிவிடும் போலிருந்தது. நீங்கள் போவதற்குள் வட்டம் போட்ட இடங்களைத் தோண்டிவிட்டால், உன் வீட்டு ஆள் மட்டும் எப்படித் தப்பினாள் என்று சித்தப்பா கேட்பார். காட்டிக்கொடுத்தது நீ இல்லை, நான்தான் என்று நீயே சொல்லிவிடு.

உன் மகள்