ஏழாவது இடத்தில் நாற்பது சென்டி

2007 ஜூலை 12, வியாழன். கராமா ரூம்.

இந்தப் பாலைவன ஊரின் செயற்கைப் பனி அரங்கில் தினமும் காலையில் பத்து இடங்களில் கம்பியைக் குத்தி, பனி எவ்வளவு ஆழம் என்று நோட்டில் எழுதுவது என் வேலை. அங்கே வேலை செய்யும் எங்கள் மூன்று பேருக்கு இரண்டு குளிர் ஜாக்கெட்தான். முறை வைத்துப் போட்டுக்கொள்கிறோம். இன்று எனக்கு இல்லை. நான்கு இடம் அளப்பதற்குள் விரல்கள் மரத்துவிட்டன. மீதி ஆறுக்கும் நேற்றைய எண்ணையே எழுதிவிட்டு, வெளியே போய் வெயிலில் நின்றேன். சுகமாக இருந்தது.

மத்தியானம், எங்கள் மூவரில் ஒருவனான முருகேசன் ஏழாவது இடத்தில் வழுக்கி விழுந்தான். அங்கே நான்கு விரல் உயரம்கூடப் பனி இல்லை, அடியில் கான்கிரீட். முழங்கால் சில்லு பெயர்ந்துவிட்டது.

நாகர்கோவில்கார சூப்பர்வைசர் என் நோட்டைப் புரட்டினார். "நாப்பது சென்டி பனியில விழுந்தா எலும்பு உடையுமாடே? அவன் வெளையாடிருப்பான். கம்பெனி பொறுப்பில்ல. கலாஸ், முடிஞ்சுது."

நான் நோட்டைத் திரும்ப வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன். ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது முருகேசன் ஜாக்கெட்டைக் கழற்றி என்னிடம் நீட்டினான். "நாளைக்கு உன் மொறைடா."

சாயங்காலம் அதைப் போட்டுக்கொண்டு போய் ஏழாவது இடத்தில் கம்பியைக் குத்திப் பார்த்தேன். அதற்குள் புதுப் பனி கொட்டி நிரப்பியிருந்தார்கள். சரியாக நாற்பது.