வெதர்பி குடும்பத்தில் ஒரு கந்தையா

மார்ச் 9, திங்கள்

ஆபிரிக்கப் பாலைவனத்துச் சிரோக்கோ காற்று. காலையில் துடைத்த பால்கனியில் மதியமே சிவப்புத் தூசி. திட்டிக்கொண்டே திரும்பத் துடைத்தேன்.

இங்கே பலெர்மோவில், கால்சாப் பகுதியில் புது வீட்டு வேலை. திங்கள், புதன், வெள்ளி. வீட்டுக்கார அம்மா சினியோரா எலன், அமெரிக்கர், எழுபது தாண்டியவர், தனியாள். அவருடைய முப்பாட்டனின் தம்பி அந்தக் காலத்தில் பலெர்மோவிலிருந்து கப்பலில் எலுமிச்சம்பழம் ஏற்றியவராம். அவர் வழியில் யாராவது மிச்சம் இருக்கிறார்களா என்று தேடி வந்திருக்கிறார். சாப்பாட்டு மேசை நிறைய ஒரு பெரிய தாள். பெயர்கள், கோடுகள், எல்லாம் பென்சிலில். மேசை துடைக்க வழியில்லை.

வேலை ஒப்பந்தம் எழுத என் பெர்மெசோவை, வதிவிட அனுமதி அட்டையை, கேட்டார். கொடுத்தேன். பார்த்தவர் அப்படியே கதிரையில் இருந்துவிட்டார்.

"உம்மட குடும்பப் பேர் வெதர்பியா?"

"அது அப்பான்ர பேர், சினியோரா."

எங்களுக்கு ஏது குடும்பப் பேர்? பாஸ்போட்டில் அப்பாவின் பேர் முன்னால் நின்றது, இத்தாலிக்கு வந்ததும் அதுவே குடும்பப் பேராகிவிட்டது. இதைச் சொல்லி முடிக்க எங்கே விட்டார்? அவருடைய பேரும் வெதர்பி! கட்டிப்பிடித்து அழுதார். துடைப்பத்தோடு நான், என்ன செய்வதென்று தெரியாமல்.

மார்ச் 10, செவ்வாய்

காற்று அடங்கியது. வாங்க: பருப்பு, சவர்க்காரம், கறிவேப்பிலை (கிடைத்தால்).

பொலிதேயாமா தியேட்டரடி பாரில் வேலை முடிந்து இவர் வந்ததும் கதையைச் சொன்னேன். சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி சேட்டில்.

"அப்ப நான் அமெரிக்க மாப்பிளையோ? சீதனம் எங்கை?"

"முதல்ல சேட்டைக் கழட்டித் தாங்கோ, ஊற வைக்க."

எங்கள் வீட்டில் தலைமுறைக்கு ஒரு ஆண்பிள்ளைக்கு வெதர்பி என்று பேர். அப்பாவுக்கு, பிறகு தம்பிக்கு. பள்ளிக்கூடத்தில் என்னை 'வானிலை அறிக்கை' என்று கூப்பிடுவார்கள். ஏன் இந்தப் பேர் என்று ஒருநாளும் கேட்டதில்லை. ரொறன்ரோவில் இருக்கும் தம்பியைக் கேட்க வேண்டும்.

மார்ச் 11, புதன்

மழை. சினியோரா கேக் வாங்கி வைத்திருந்தார். வேலை செய்ய விடவில்லை. எனக்கோ குசினியில் கழுவாத பாத்திரங்களைப் பார்த்துக் கை அரிப்பு.

தாளைக் காட்டினார். எலுமிச்சைக்காரருக்கு ஒரே மகன், ஜோன். ஆறு வயதில் காய்ச்சல். அவன் பேருக்குக் கீழே 'வாரிசு இல்லை'. எலுமிச்சைக்காரரும் போனபின் மனைவி தனியே அமெரிக்கா திரும்பிவிட்டார். ஆனால் இங்கே இன்னொரு பிள்ளை இருந்திருக்க வேண்டும், அந்த வழிதான் நான் என்று சினியோராவின் கணக்கு. எலுமிச்சைக்காரரிலிருந்து எனக்கு ஒரு பென்சில் கோடும் இழுத்தாயிற்று! ஏப்ரலில் குடும்பம் எல்லாம் கூடும்போது தாளை அச்சடித்துக் கொடுக்கப் போகிறார்.

"என்னை ஒருத்தரும் நம்பேல்லை. இப்ப நீர் இருக்கிறீர்."

இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. பொய்யாக அச்சில் ஏறவும் மனம் வரவில்லை. கேக் நல்ல ருசி, அதுவும் பாவமாக இருந்தது.

மார்ச் 12, வியாழன்

தம்பி போன் எடுத்தான்.

"உனக்குத் தெரியாதே அக்கா? பூட்டன் கிறிஸ்தவ மிஷன் போர்டிங்கிலை படிச்சவர். அமெரிக்காவிலை ஒரு அம்மாதான் செலவு பாத்தவ. செலவு பாக்கிற ஆக்கள் சொல்லுற பேரைத்தான் அங்கை பிள்ளையளுக்கு வைப்பினம். அவ செத்துப்போன தன்ர மகன்ர பேரைச் சொன்னவவாம். ஜோன் வெதர்பி."

சினியோராவின் தாளில் 'வாரிசு இல்லை' என்று கிடந்த அதே ஜோன்!

"பேந்து?"

"படிப்பு முடிய, பூட்டன் திருநீறு பூசிக்கொண்டு கோயிலுக்குத் திரும்பிட்டார். ஜோன் எண்டது வேதக்காரப் பேர் எண்டு விட்டிட்டார். வெதர்பி என்ன சமயம் எண்டு ஊரிலை ஒருத்தருக்கும் தெரியாது. அது நிண்டிட்டுது. வெதர்பி கந்தையா!"

வயிறு நோகச் சிரித்தோம்.

"எனக்கேன்டா அப்பா சொல்லேல்லை?"

"பேர் எனக்கெல்லோ வந்தது, அக்கா."

கோபம் வந்தது. இத்தாலி முழுக்க அந்தப் பேரைச் சுமந்து திரிவது யாராம்?

போனை வைத்தபின் பயம். மகனை இழந்த தாய் ஆசையாகக் கொடுத்த பேர். அதை வாங்கிக்கொண்டு பூட்டன் நழுவிவிட்டாரே. இதை எப்படிச் சொல்ல?

மார்ச் 13, வெள்ளி

நல்ல வெயில். விரதம். திருநீற்றோடேயே போனேன். பூட்டனும் அப்படித்தானே போனார்.

வாசலில் வைத்தே சொன்னேன். ஒரே மூச்சில், இத்தாலியன் இலக்கணம் எல்லாம் உடைய. இரத்த உறவு இல்லை, பேர் மட்டும்தான். பூட்டன் கோயிலுக்குத் திரும்பியதையும் மறைக்கவில்லை.

சினியோரா யன்னலடியில் போய் நின்றார். வேலை போயிற்று என்று நினைத்தேன். வேலையைவிட, அவர் முகம் வாடியதுதான் தாங்க முடியவில்லை.

பிறகு மேசைக்கு வந்தார். என் பென்சில் கோட்டை அழித்தார். சரி, முடிந்தது. அழிறப்பர் அதோடு நிற்கவில்லை. ஜோனுக்குக் கீழே போய் 'வாரிசு இல்லை'யையும் அழித்தது.

"கந்தையாவை எப்படி எழுதிறது?"

எழுத்தெழுத்தாகச் சொன்னேன். கந்தையா, அப்பப்பா, அப்பா. அப்பாவின் கீழே முதலில் என் பேரைத்தான் எழுதினார், தம்பி பிறகு. எழுதட்டும்!

"இப்ப இந்தப் பேர் ஆருக்கு?"

தம்பியின் மகனைப் போனில் காட்டினேன். முன்பல் இரண்டும் இல்லாத சிரிப்பு.

"என்ன வயசு?"

"ஏழு."

படத்தை விரலால் தொட்டுக்கொண்டு இருந்தார்.

"எங்கட ஜோனுக்கு ஏழு வரேல்லை."

"வந்திட்டுது, சினியோரா," என்றேன்.