மேற்கு வார்டுக்குக் குறைத்துக் கணக்கிட்ட வெயில்

அனுப்புநர்:
கணக்கீட்டு உதவியாளர்,
கட்டட ஆற்றல் ஆலோசனை அலுவலகம்.

பெறுநர்:
தலைமைப் பொறியாளர் அவர்கள்,
மருத்துவமனைக் கட்டடப் பிரிவு.

பொருள்: மகப்பேறு வார்டு – மேற்குச் சன்னல்களின் வெயில் தடுப்புகள் திட்டத்திலிருந்து நீக்கப்பட்டது – வானிலைத் தரவில் அலகுப் பிழை – சாரம் பிரிக்கும் முன் சரிசெய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. புதிய மகப்பேறு வார்டு எவ்வளவு சூடாகும் என்று கணினியில் கணக்கிட்டவள் நான். இந்தப் புகார் முதலில் என்மீதுதான்.

2. வானிலை நிலையம் வெயிலின் அளவை வழக்கமாகக் கிலோஜூலில் அனுப்பும். எங்கள் மென்பொருளுக்கு வாட்மணி வேண்டும். ஒரு வாட்மணி 3.6 கிலோஜூல் என்பதால், எல்லா எண்களையும் 3.6ஆல் வகுக்கும் கணினித் தாள் ஒன்று அலுவலகத்தில் தயாராக இருக்கிறது. தலைப்பு வரிகள் இருந்தால் அந்தத் தாள் ஏற்காது. அவற்றை அழித்துவிட்டு ஒட்டுவது எங்கள் பழக்கம். இம்முறை நிலையம் வாட்மணியிலேயே அனுப்பியிருந்தது. அதைச் சொன்ன வரியைப் படிக்காமல் அழித்தேன். தாள் மறுபடியும் வகுத்தது. நிலையத்தார்மீது தவறு இல்லை.

3. கோடை நண்பகலில் 893 இருக்க வேண்டிய இடத்தில் 248 வந்தது. மழை மூட்டத்தில் வரும் எண் அது. எங்கள் அலுவலக மூத்த பொறியாளரிடம் காட்டினேன். "கம்ப்யூட்டரே ஒத்துக்கிச்சு, உனக்கு என்னம்மா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

4. அந்தக் கணக்கை வைத்தே, மேற்குச் சன்னல்களுக்குக் கான்கிரீட் தடுப்புகள் தேவையில்லை என்று முடிவானது. அந்தக் கூட்டத்தில் தாங்கள், யாருக்காவது சந்தேகம் உண்டா என்று இரண்டு முறை கேட்டீர்கள். நான் குறிப்பேட்டில் தேதியை மறுபடியும் எழுதிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் பெற்றவள் நான். அத்தனை பேர் முன் தவறாகப் பேசிவிடுவேனோ என்ற பயம், சரியாக இருக்கலாம் என்ற எண்ணத்தைவிடப் பெரிதாக இருந்தது.

5. செவ்வாயன்று மாலை மூன்றரை மணிக்குக் கட்டடத்தைப் பார்க்கப் போனேன். அந்த வார்டில் பூச்சுவேலை செய்த மேஸ்திரி சட்டையைக் கழற்றித் தலையில் போட்டிருந்தார். "மேடம், எங்களாலயே நிக்க முடியல. பச்சைப் புள்ளையை எங்க படுக்க வைப்பாங்க?" என்று கேட்டார்.

6. அன்றே மூலக் கோப்பைத் திறந்து அழித்த வரியைப் படித்தேன். திருத்திக் கணக்கிட்டால் அறையின் வெப்பம் 29 அல்ல, 36 பாகை. அங்கே மின்விசிறி மட்டுமே. மறுநாள் மூத்தவரிடம் சொன்னேன். "ரிப்போர்ட்ல கையெழுத்து போட்டாச்சும்மா. அப்புறமா திரை மாட்டிக்குவாங்க, விடு" என்றார். இந்த முறை நான் சிரிக்கவில்லை. ஆனால் எதிர்த்தும் பேசவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

7. வரும் திங்கட்கிழமை மேற்குப் பக்கச் சாரத்தைப் பிரிக்கிறார்கள். அதன் பிறகு தடுப்புகளை வார்க்க வழியில்லை என்று மேஸ்திரி சொல்கிறார். அந்த வார்டில் பதினாறு கட்டில்கள் வரப்போகின்றன.

ஆகவே, சாரம் பிரிப்பதை நிறுத்திவைத்து, இத்துடன் இணைத்துள்ள இரண்டு கணக்குகளையும் வேறொருவரைக் கொண்டு சரிபார்த்து, நீக்கிய தடுப்புகளைத் திரும்பச் சேர்க்க ஆணையிடுமாறு தங்களைப் பணிவுடன் வேண்டுகிறேன். என்னை எப்போது அழைத்து விசாரித்தாலும் வருகிறேன். அந்த விசாரணையைச் சாரத்தின் விஷயம் முடிந்த பிறகு வைத்துக்கொண்டால் போதும்.

இப்படிக்கு,
(ஒப்பம்)
கணக்கீட்டு உதவியாளர்

நாள்: 16, வியாழக்கிழமை
இடம்: அலுவலகம்

இணைப்பு: தலைப்பு வரிகளுடன் மூலக் கோப்பு, பழைய கணக்கு, திருத்திய கணக்கு.