நாலா பக். ஒன்பது மீட்டர்: மோதி கேம்ப் குடிநீர் வரைபடத்தில் இல்லாத சாக்கடை

அனுப்புநர்:
வத்சலா கல்யாணராமன் (வயது 67),
பிரிவு அதிகாரி (ஓய்வு), மத்திய அரசு,
செயலாளர், மோதி கேம்ப் குடிநீர்க் குழு,
புது தில்லி.

பெறுநர்:
திரு. மகாதேவன் அவர்கள்,
செயற்பொறியாளர்,
சிறு குடிநீர்த் திட்ட வடிவமைப்பு ஆய்வுப் பிரிவு,
புது தில்லி.

பொருள்: மோதி கேம்ப் குடிநீர்த் திட்டம் – வடிவமைப்பு ஆய்வுக்கு நான் கையெழுத்திட்டுக் கொடுத்த தள விவரம் தவறானது – சோதனைத் தண்ணீரை உடனே நிறுத்தவும், ஜூலை 1 திறப்பு விழாவைத் தள்ளிவைத்து மறு ஆய்வு செய்யவும் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் பிரிவின் ஒப்புதல் கடிதம், நாள் 12.03.2025.
2. தங்களை நேரில் சந்தித்தது, நாள் 23.06.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. திங்கட்கிழமை தங்கள் அறையில் நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எழுத்துல குடுங்கம்மா, பாக்கறேன்" என்றீர்கள். இதோ கொடுத்துவிட்டேன். தாங்கள் தமிழர் என்பதால் தமிழில் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். தவறு நடந்தது தமிழில். வேறு மொழியில் சொன்னால் எனக்கே அது விளங்காது. கோப்புக்காக இந்தி நகல் ஒன்றை இணைத்திருக்கிறேன்.

2. மோதி கேம்ப்பில் நூற்றுப் பன்னிரண்டு வீடுகள். பெரும்பாலும் விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள். வாரத்துக்கு மூன்று நாள் வரும் டேங்கர் லாரிதான் இதுவரை அவர்களுக்குக் குடிநீர். அந்த லாரி வரும் நேரத்தில் குடத்தால் மண்டை உடைந்து தையல் போட்டுக்கொண்டவர்களை எனக்குப் பெயர் சொல்லித் தெரியும். அங்கே ஓர் ஆழ்துளைக் கிணறு, தரைக்கடியில் ஒரு தொட்டி, எட்டுக் குழாய்கள் என்று சிறிய திட்டம் ஒன்று வேண்டும் என்று நான்கு வருடம் அலைந்தது எங்கள் குழு. ஆகவே இந்தத் திட்டத்தை நிறுத்தச் சொல்லி நானே எழுதுவது எனக்கு எவ்வளவு கசப்பு என்பதைத் தாங்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

3. ஆய்வுக்கு விண்ணப்பிக்கத் தள விவரம் கேட்டீர்கள். 08.12.2024 ஞாயிறன்று நான் அளக்கப் போனேன். டேப்பின் மறுமுனையைப் பிடித்தவள் மஞ்சு. அந்தக் கேம்ப்பிலேயே பிறந்து வளர்ந்து, சரோஜினி நகர் மார்க்கெட்டில் துணிக்கடை போட்டிருப்பவள். கிணறு தோண்ட வேண்டிய இடத்திலிருந்து அவள் நடந்து போய், "அக்கா, நாலா இங்க வருது, பக்கா நாலா, ஒம்போது மீட்டர்!" என்று கத்தினாள். நான் என் நோட்டில் "நாலா பக். 9 மீ" என்று எழுதிக்கொண்டேன். தில்லியில் நாற்பது வருடம் இருந்துவிட்டால் தமிழ் எழுத்தில் இந்திதான் எழுதுகிறோம் என்பதே நமக்கு மறந்துவிடுகிறது. நாலா என்பது சாக்கடைக் கால்வாய். பக்கா என்பது சிமெண்டு வைத்துக் கட்டியது. கட்டிய சாக்கடை ஒன்பது மீட்டரில் இருக்கிறது என்பதே அந்த வரியின் பொருள்.

4. நோட்டைப் பார்த்து ஆங்கிலத்தில் படிவத்தை நிரப்பித் தந்தவர் எங்கள் குழுவுக்கு உதவ வந்த ஸ்ரீவத்ஸன். திருச்சிக்காரர், குர்காவ்னில் கம்ப்யூட்டர் வேலை, தில்லி வந்து அப்போது ஏழு மாதம்கூட ஆகவில்லை. ஆட்டோக்காரரிடம் "சீதா, சீதா" என்று நேராகப் போகச் சொல்வதற்கு மேல் அவருக்கு இந்தி கிடையாது. அவர் என் வரியைச் சுத்தத் தமிழாகவே படித்தார். நாலா பக்கமும் ஒன்பது மீட்டர்! கிணற்றைச் சுற்றி நான்கு புறமும் ஒன்பது மீட்டர் காலியிடம் உண்டு என்று எழுதினார். சாக்கடை எவ்வளவு தூரம் என்ற கேள்விக்கு என் நோட்டில் பதில் எதுவும் அவர் கண்ணில் படவில்லை. 'இல்லை' என்று நிரப்பினார். அவர்மேல் நான் ஒரு குற்றமும் சொல்லவில்லை. அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டது நான். முப்பத்தொரு வருடம் பிறர் எழுதிய குறிப்புகளில் கால்புள்ளி தேடியவள், என் பெயரில் போன தாளை ஒருமுறை படித்துப் பார்க்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.

5. அந்த ஒற்றைச் சொல்லால் வரைபடத்தில் நடந்தவை:

(அ) சாக்கடைக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் பதினைந்து மீட்டராவது இடைவெளி வேண்டும் என்று தங்கள் படிவமே சொல்கிறது. இருப்பது ஒன்பது.

(ஆ) அருகில் சாக்கடை இல்லை என்பதால் தரைக்கடியில் உள்ள தொட்டியின் வாயைத் தரைமட்டத்திலேயே வைக்க அனுமதித்தீர்கள். போன ஆவணி மழையில் நாலா பொங்கி, அதே இடத்தில் முழங்கால் அளவு நின்றது.

(இ) அதே காரணத்தைக் காட்டி, குளோரின் கலக்கும் கருவியை "இரண்டாம் கட்டத்தில் பார்க்கலாம்" என்று ஒத்திவைத்தீர்கள்.

தங்கள் ஆய்வாளர்கள் தாளில் இருந்ததை வைத்துச் சரியாகவே முடிவெடுத்திருக்கிறார்கள். தாள்தான் பொய். ஆனாலும் ஒன்றை மரியாதையோடு சொல்லியாக வேண்டும்: யாராவது ஒருவர் ஒருமுறை நேரில் வந்திருந்தால், வரைபடத்தைப் பிரிப்பதற்கு முன்பே மூக்கைப் பிடித்துக்கொண்டிருப்பார்.

6. இதை நான் கண்டுபிடித்தது போன வியாழக்கிழமை. பம்ப் அறைச் சுவரில் வரைபடத்தை ஒட்டியிருந்தார்கள். பெருமையாக நின்று பார்த்தேன். நாலாவைக் காணோம். ஒப்பந்ததாரரின் மேற்பார்வையாளரிடம் கேட்டேன். "மேடம்ஜி, நக்ஷே மே நஹீ ஹை, தோ நஹீ ஹை" என்றார். வரைபடத்தில் இல்லையென்றால் இல்லையாம். அவர் அதைச் சொன்னபோது நாலா அவர் முதுகுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது.

7. இப்போது அவசரத்துக்கு வருகிறேன். திறப்பு விழா ஜூலை 1 என்றாலும், ஜூன் 16 முதல் தினமும் காலை ஒரு மணி நேரம் சோதனைக்காகத் தண்ணீர் விடுகிறார்கள். குடிப்பதற்கல்ல என்று ஒரு பலகைகூட இல்லை. லாரிக்கு அடித்துக்கொண்ட ஜனங்கள் வாசலில் வரும் தண்ணீரை விடுவார்களா? பிடிக்கிறார்கள், குடிக்கிறார்கள். "கொஞ்சம் பத்பூ வருதுக்கா, ஆனா ரெண்டு நிமிசம் வுட்டா போயிடுது" என்றாள் மஞ்சு. பத்பூ என்றால் நாற்றம். அவளுக்குப் பத்து மாதக் குழந்தை ஒன்று இருக்கிறது. சனிக்கிழமையிலிருந்து அந்தக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. இந்தத் தண்ணீரால்தான் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். நான் டாக்டர் இல்லை. இல்லை என்று யாராவது எனக்கு எழுதிக் கொடுத்தால் காலில் விழுந்து வாங்கிக்கொள்வேன்.

8. வெள்ளிக்கிழமை முதல் நான் தினமும் குழாயடிக்குப் போய், குடிக்காதீர்கள் என்று வீடு வீடாகச் சொல்லி வருகிறேன். யாரும் நம்பவில்லை. "நீங்க சைன் போட்டு வந்த பானிதானே அக்கா, அதுல என்ன கொறை வந்துச்சு?" என்று சிரிக்கிறார்கள். நான்கு வருடமாக அவர்களிடம் நான் சேர்த்து வைத்த நம்பிக்கை எல்லாம் இன்று எனக்கே எதிராக நிற்கிறது, ஐயா. கொதிக்கவைத்தாவது குடியுங்கள் என்றால், "கேஸ் எங்கக்கா கெடைக்குது?" என்கிறார்கள்.

9. திங்களன்று தங்கள் அறையை விட்டு வெளியே வந்ததும் தங்கள் அலுவலக ஊழியர் ஒருவர் நல்லெண்ணத்தில் என்னை எச்சரித்தார். தவறான விவரம் தந்ததாக நானே ஒப்புக்கொண்டால், படிவத்தின் உறுதிமொழிப்படி நடவடிக்கை என்மேல்தான் பாயும் என்றார். என் கணவர் கல்யாணராமனும், "நீ ஏன் போய்த் தலையைக் குடுக்கறே? மொட்டைக் கடுதாசி போட்டா போறாதா?" என்று இரண்டு நாளாகச் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறார். பெயரில்லாத கடிதங்களை என்ன செய்வோம் என்பது முப்பத்தொரு வருடம் அதைச் செய்த எனக்குத் தெரியாதா? கையெழுத்திட்டவரே எழுதினால்தான் முடிந்த ஆய்வைத் திறக்க முடியும் என்று தங்கள் விதி சொல்கிறது. எழுதிவிட்டேன். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. என்மேல் எடுக்க வேண்டியதைத் தாராளமாக எடுங்கள். ஆனால் முதலில் குழாய், பிறகு நான். வரிசை மாறிவிடக் கூடாது.

10. ஆகவே தங்களிடம் நான் கேட்பது: சோதனைத் தண்ணீரை இன்றே நிறுத்தி வால்வைப் பூட்ட உத்தரவிட வேண்டும். பூட்டும் ஆள் சீருடையில் வந்தால் நல்லது, ஜனங்கள் அவரை நம்புவார்கள். திறப்பு விழாவைத் தள்ளிவைக்க வேண்டும். தங்கள் பிரிவிலிருந்து ஒருவர் வந்து, என் நோட்டை நம்பாமல், தாமே அளந்து பார்க்க வேண்டும். தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பி, முடிவைக் கேம்ப்பில் தமிழிலும் இந்தியிலும் ஒட்ட வேண்டும். கிணற்றின் இடம், தொட்டியின் வாய், குளோரின் மூன்றையும் மறு ஆய்வு செய்ய வேண்டும். அதுவரை டேங்கர் லாரியைத் தினமும் அனுப்ப வேண்டும். குழாய் வந்துவிட்டது என்று சொல்லி அதையும் போன வாரம் நிறுத்திவிட்டார்கள்.

தங்கள் மேசையில் இதைவிடப் பெரிய திட்டங்கள் இருக்கும். இது சின்னத் திட்டம்தான். குடிக்கிறவர்களின் வயிறு மட்டும் எல்லா ஊரிலும் இருக்கும் அளவுதான். இந்த மனுவை மற்ற மனுக்களுக்கு அடியில் வைக்காமல் இன்றே பார்க்கும்படி இறைஞ்சுகிறேன்.

இப்படிக்கு,
பிழையை ஒப்புக்கொள்ளும்
(ஒப்பம்) வத்சலா கல்யாணராமன்

இடம்: புது தில்லி
நாள்: 25.06.2025

இணைப்பு: நோட்டுப் பக்கத்தின் நகல், படிவத்தின் நகல், நாலாவும் கிணறும் ஒன்றாகத் தெரியும் புகைப்படங்கள் மூன்று, இந்தி நகல்.

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் மஞ்சு போன் செய்தாள். காலையிலிருந்து அங்கே நல்ல மழையாம், நாலா கரையைத் தொட்டுவிட்டதாம். விழாவுக்கு முன் தொட்டியை நிரப்பிப் பார்க்க வேண்டும் என்று இன்று மாலை எட்டுக் குழாயையும் திறக்கப் போகிறார்களாம், இப்போதே குடங்கள் வரிசையில் வந்துவிட்டனவாம். இந்த மனுவைத் தங்கள் அலுவலகத்தில் என் கணவர் கொண்டுவந்து தருவார். நான் நேரே அங்கே போகிறேன். தாங்கள் அனுப்பும் ஆளுக்கு என்னைத் தேடும் சிரமம் இருக்காது. வால்வின் மேல் நாற்காலி போட்டு, எல்லோரிடமும் திட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கிழவி நான்தான். அவர் வரும்வரை எழுந்திருக்க மாட்டேன்.