பெண் பார்க்கப் போய்த் தட்டைப் பார்த்தது

ஞாயிறு

பெரியபாளையத்தில் பெண் பார்த்துவிட்டு வந்தோம். பார்த்துவிட்டு என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது.

பெண் மஞ்சுளா பஜ்ஜித் தட்டை என்னிடம் நீட்டினாள். எவர்சில்வர் தட்டு, விளிம்பில் ஒரு நசுங்கல். கும்மிடிப்பூண்டி கம்பெனியில் தினமும் எட்டு மணி நேரம் தட்டுகளில் குறை தேடுவதுதான் என் வேலை. தேறியது வலது பக்கம், ரிஜெக்ட் இடது பக்கம். கை சும்மா இருக்குமா? பஜ்ஜியை அம்மாவின் தட்டில் கொட்டினேன். காலித் தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து இடது பக்கம் வைத்தேன். அவள் அப்பாவின் முகம் கறுத்துவிட்டது.

பஸ்ஸில் அம்மா, "இன்னாடா, பொண்ணு எப்டிக்கீது?" என்றாள். எனக்கு முகமே நினைவில்லை.

சாயங்காலம் மஞ்சுளாவே போன் செய்தாள். கண் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவள்.

"நான் இன்னா கலர் பொடவ கட்டியிருந்தேன், சொல்லுங்க?"

"தெரியலைங்க. தட்டுல நசுங்கல் இருந்துச்சு."

திட்டுவாள் என்று நினைத்தேன். சிரித்தாள்.

"கண்ணு எல்லாத்தையும்தான் அனுப்புது. நடுவுல மூளைக்குள்ள தலாமஸ்னு ஒண்ணு கீது, உங்க கம்பெனி கேட் செக்யூரிட்டி மாதிரி. மேல இருக்கிற மூளை எத்த தேடிக்கினு இருக்குதோ, அத்த மொதல்ல உள்ள வுடும். உங்களுது நசுங்கல தேடிக்கினு இருந்துச்சு. அடுத்த ஞாயித்துக்கெழம வாங்க. தட்டு இல்லாம வரேன்."

காதில் விழுவதும் அந்த கேட் வழியாகத்தான் போகுமாம். போனில் தானாகப் பதிவான அவள் பேச்சை மூன்று தடவை கேட்டுவிட்டேன். குறை எதுவும் இல்லை.

போனை வலது பக்கம் வைத்துவிட்டுப் படுக்கிறேன்.